பறக்கும் இறக்கையும் இறங்குதுறையும்

ஒல்லாந்தர் 1658ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய பின்னர், குடாநாட்டின் மேற்கே அமைந்த தீவுகளுக்குத் தம் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். நெடுந்தீவு டெல்வ்ற் எனவும், அனலைதீவு ரொட்டர்டாம் எனவும், நயினாதீவு ஹார்லெம் எனவும் வழங்கப்பட்டன. அவற்றுள் மிகச் சிறிய தீவுகளில் ஒன்றாகிய எழுவைதீவுக்குக் கிடைத்த பெயர் ஹோர்ண் என்பதாகும். அப்பெயர் இன்று பழைய நிலப்படங்களில் மட்டுமே காணப்படுவது. ஆயினும் கப்பல் வரலாறு பயில்வோர் அதனை எளிதில் மறப்பதில்லை. ஒல்லாந்தின் ஹோர்ண் நகரிலேதான், 1595ஆம் ஆண்டளவில், ‘புளூயிற்’ எனப்பட்ட சரக்குக் கப்பல் முதன்முதலிற் கட்டப்பட்டது என்பர்.

புளூயிற் பார்வைக்கு விந்தையானது. வயிறு பருத்தும் மேற்றளம் ஒடுங்கியும் பேரிக்காய் போன்ற குறுக்குத் தோற்றம் உடையது. பீரங்கிகளுக்கு இடம் ஒதுக்காது, சிலரே இயக்கத்தக்க எளிய பாய்களுடன், சரக்குக்கு மட்டுமே முதலிடம் அளித்தது. இவ்வடிவம் கப்பற் கம்மியரின் கற்பனையில் மட்டும் உதித்ததன்று. ஒல்லாந்தின் உள்நீர்கள் ஆழங் குறைந்தவை. எனவே கப்பல் ஆழ அமிழாதிருத்தல் வேண்டும். பால்டிக் கடலின் வாயிலாகிய சவுண்ட் நீரிணையில் டென்மார்க் அறவிட்ட சுங்கம் மேற்றளத்தின் அளவையும் கருத்திற் கொண்டது. எனவே மேற்றளம் ஒடுங்குதல் வேண்டும். 1669இல் அந்த அளவைமுறை மாறியபோது ஒடுங்கிய மேற்றளமும் மெல்ல மறைந்தது. துறையும் சுங்கமும் கலத்தின் வடிவை வகுத்தன என்பதற்கு இதனிலும் தெளிவான சான்று அரிது.

ஊர்காவற்றுறையிலிருந்து எழுவைதீவுக்கு அரிசி மூடையும் சீமெந்தும் ஏற்றிச் செல்லும் படகோட்டிக்கு இவ்வுண்மையை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஆழமற்ற பரவைக் கடலும் சிறிய இறங்குதுறையும் எத்தகைய படகை ஏற்கும் என்பதை அவர் அறிவார். கடலுக்கு உரிய இவ்வுண்மை வானுக்கும் பொருந்துமா என்பதை, பறக்கும் இறக்கை எனப்படும் பெருஞ்சுமை விமானத்தின் வரலாற்றைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கருத்தின் தோற்றம்

இன்று நாம் காணும் விமானத்தின் அமைப்பு ஆங்கிலேயரான சேர் ஜோர்ஜ் கேலியின் சிந்தனையிலிருந்து பிறந்தது. அவர் 1799இல், ஏந்துதல், உந்துதல், திசைப்படுத்தல் ஆகிய தொழில்களைத் தனித்தனி உறுப்புகளுக்குப் பகிர்ந்தளித்தார். இறக்கை ஏந்தும், வால் நிலைப்படுத்தும், உடல் சுமக்கும். இப்பகிர்வு விளங்கிக்கொள்வதற்கு எளிது. ஆனால் இதில் ஒரு விரயமும் உண்டு. உடலும் வாலும் காற்றின் தடையை உண்டாக்குகின்றன. ஏந்துதலுக்கு அவை உதவுவது மிகக் குறைவு. அவ்வாறாயின், அவற்றை நீக்கிவிட்டு அனைத்தையும் இறக்கையினுள்ளேயே வைத்தால் என்ன? பறக்கும் இறக்கை என்னும் கருத்தின் வித்து இக்கேள்வியே.

ஜேர்மானியப் பேராசிரியர் ஹூகோ யுங்கர்ஸ் 1910ஆம் ஆண்டிலேயே இக்கேள்விக்கு விடை கண்டு காப்புரிமை பெற்றார். ரைற் சகோதரர் முதன்முதலிற் பறந்து அப்போது ஏழாண்டுகளும் நிறைவுபெறவில்லை. பொறிகள், எரிபொருள், பயணிகள், சரக்கு யாவும் தடித்த இறக்கை ஒன்றினுள் அடங்குவதே அவர் காட்டிய அமைப்பாகும்.

இதனால் விளையும் நன்மை தடை குறைதல் மட்டுமன்று. நீண்ட பனைமரக் குற்றி ஒன்றைப் பத்துப்பேர் தோளிற் சுமந்து செல்வதாகக் கொள்வோம். அதன் நடுவே பெரும்பாரம் ஒன்றைக் கட்டினால் குற்றி வளையும், முறியவுங்கூடும். அதே பாரத்தைப் பகுத்து ஒவ்வொருவர் தலைக்கு மேலும் சமமாக வைத்தால், அவரவர் பங்கை அவரவர் தோளே தாங்கும், குற்றிக்கு வேலையில்லை. வழக்கமான விமானத்தில் பாரம் நடுவிலுள்ள உடலில் இருக்க, ஏந்துவிசை இறக்கையின் நீளமெங்கும் பரந்திருக்கிறது. அதனால் இறக்கையின் அடி மிகுந்த வலுவுடையதாக, ஆகவே பாரமானதாக அமைய வேண்டும். பறக்கும் இறக்கையிலோ பாரமும் ஏந்துவிசையும் ஒன்றன்மேலொன்றாகப் பரந்திருப்பதால் கட்டமைப்பு இலேசாகலாம்.

இக்கருத்து பெரிய விமானத்துக்கே உரியது என்பதும் ஈண்டு நோக்கத்தக்கது. இறக்கையின் தடிப்பு அதன் அகலத்தில் ஆறிலொரு பங்களவே இருக்கக்கூடும். மனிதன் நிமிர்ந்து நிற்க இரண்டு மீற்றர் உயரம் வேண்டுமாயின், இறக்கையின் அகலம் ஏறக்குறைய பன்னிரண்டு மீற்றரையேனும் எட்ட வேண்டும். சிறிதாகத் தொடங்கிப் படிப்படியாக வளரும் வாய்ப்பு இதற்கு இல்லை. பறக்கும் இறக்கை எதிர்கொண்ட முதல் இடர் இதுவே.

முதல் முயற்சிகள்

யுங்கர்சின் கனவு ஓரளவேனும் உருப்பெற்றது 1929 நவம்பர் 6இல் முதன்முதலாகப் பறந்த ஜி.38 என்னும் விமானத்திலாகும். நாற்பத்துநான்கு மீற்றர் நீண்ட இறக்கையை உடைய அதில் முப்பத்துநான்கு பயணிகள் செல்லலாம். அவருட் சிலர் இறக்கையின் முன்விளிம்பிலேயே அமர்ந்து, கண்ணாடிச் சாளரத்தின் வழியே முன்னோக்கி வானைக் கண்டனர். பொறிவினைஞர் பறப்பின்போதே இறக்கையினுட் சென்று பொறிகளைப் பார்வையிட்டனர். ஆயினும் உடலும் வாலும் முற்றாக நீங்கவில்லை. ஜேர்மனியிற் கட்டப்பட்டவை இரண்டே. 1933இல் நாற்சி அரசு யுங்கர்சின் நிறுவனத்தை அவரிடமிருந்து பறித்தது. ஈராண்டுகளில் அவர் மறைந்தார்.

சோவியத் ஒன்றியத்திலே கார்க்கோவ் நகரிற் கொன்ஸ்தாந்தீன் கலினின் இன்னும் துணிவான முயற்சியில் இறங்கினார். அவருடைய கே-7 விமானம் 1933 ஓகஸ்டிற் பறந்தது. ஐம்பத்துமூன்று மீற்றர் நீளமும் இரண்டு மீற்றருக்கு மேற்பட்ட தடிப்புமுடைய நீள்வட்ட இறக்கையினுள்ளே நூற்றிருபது பயணிகளை ஏற்றும் பதிப்பு ஒன்றும் திட்டமிடப்பட்டது. ஆனால் அதே ஆண்டு நவம்பர் 21இல் வாலைத் தாங்கிய சட்டம் பறப்பின்போது முறிந்தது. பதினைந்து பேர் மாண்டனர். 1938இல் கலினினும் ஸ்டாலின்காலக் களையெடுப்பில் உயிரிழந்தார். இவ்விரு வரலாறுகளிலும் கருத்தைத் தோற்கடித்தது காற்று மட்டுமன்று, காலமுமாகும்.

வாலில்லாப் பட்டம்

தைப்பொங்கற் காலத்தில் வல்வெட்டித்துறைக் கடற்கரையிற் பட்டம் ஏற்றுவோர் அனைவரும் அறிந்ததொன்று: வால் போதாத பட்டம் சுழன்று குத்தும். விமானத்தின் வாலும் இத்தகைய நிலைப்படுத்தும் பணியையே செய்கிறது. அது நெடுந்தொலைவில் இருப்பதால், நெம்புகோல்போலச் சிறுவிசையால் முழு விமானத்தையும் நேர்ப்படுத்த வல்லது. வாலை நீக்கினால் அத்தொழிலை இறக்கையே ஏற்க வேண்டும். இறக்கையைப் பின்னோக்கிச் சரித்து, அதன் நுனிகளை முறுக்கி அமைப்பதால் இது இயலும் என்பதைப் பிரித்தானியரான ஜே. டபிள்யூ. டண் 1910ஆம் ஆண்டளவிலேயே பறந்து காட்டினார். ஆனால் அதற்காக ஏந்துவிசையில் ஒரு பகுதியை இழக்க வேண்டும். பாரத்தின் மையமும் மிகக் குறுகிய எல்லைக்குள் நிற்க வேண்டும். பலவகைச் சரக்கை ஏற்றி இறக்கும் ஊர்திக்கு இது கடினமான நிபந்தனையாகும்.

இச்சிக்கலோடு வாழ்நாள் முழுதும் போராடியவர் அமெரிக்கரான ஜாக் நோர்த்ரொப். 1940இற் சிறிய மாதிரி விமானமொன்றிலே தொடங்கிய அவரது முயற்சி, 1946 யூன் 25இற் பறந்த எக்ஸ்பி-35 என்னும் குண்டுவீச்சு விமானத்தில் முழுவளர்ச்சி பெற்றது. அதன் இறக்கை நீளம் 52.4 மீற்றர். உடலுமில்லை, தனி வாலுமில்லை. தாரைப்பொறிகள் பூட்டப்பட்ட அதன் வழித்தோன்றல் வைபி-49, 1947 ஒக்டோபர் 21இற் பறந்தது. பயணிகளை ஏற்றும் பதிப்பையும் நோர்த்ரொப் நிறுவனம் திரைப்படம் வாயிலாக மக்களுக்கு அறிமுகப்படுத்தியது. ஆனால் வைபி-49 பக்கவாட்டில் ஊசலாடும் இயல்புடையது. 1948 யூன் 5இல் ஒரு விமானம் வீழ்ந்து ஐவர் உயிரிழந்தனர். அவருள் ஒருவரான கிளென் எட்வேட்சின் பெயரையே அமெரிக்காவின் புகழ்பெற்ற விமானப் பரிசோதனைத் தளம் இன்று தாங்கி நிற்கிறது. பின்னர் திட்டம் கைவிடப்பட்டது. வேறொரு நிறுவனத்தோடு தம் நிறுவனத்தை இணைக்க மறுத்தமையே காரணமென நோர்த்ரொப் முதுமையிற் கூறினார். குறைபாடுகளே காரணமென்பார் பலர். வரலாற்றாசிரியர் இதில் ஒருமித்த கருத்துடையோர் அல்லர்.

பிரித்தானியாவில் ஆம்ஸ்ட்ரோங் விற்வேத் நிறுவனம் அத்திலாந்திக்கைக் கடக்கும் பெரும் பயணிகள் விமானமொன்றுக்கு முன்னோடியாக ஏடபிள்யூ-52 என்னும் வாலில்லா விமானத்தை 1947 நவம்பர் 13இற் பறக்கவிட்டது. 1949 மே 30இல் அது கட்டுக்கடங்காது அதிரவே, விமானி விசை இருக்கையால் வெளியேறி உயிர் தப்பினார். பிரித்தானிய விமானி ஒருவர் உண்மையான ஆபத்தில் அவ்வாறு தப்பியது அதுவே முதன்முறை. எதிர்பார்த்த பெருவிமானம் வரவேயில்லை.

1947: இரு பாதைகள்

வைபி-49 பறந்த ஐம்பதாம் நாள், 1947 டிசெம்பர் 10இல், இலங்கையின் வான்போக்குவரத்து வரலாற்றின் முக்கிய நிகழ்வொன்று இடம்பெற்றது. எயார் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து புறப்பட்டு, காங்கேசன்துறை எனப் பயண அட்டவணைகளிற் குறிக்கப்பட்ட பலாலி வழியாகச் சென்னைக்குச் சென்றது. அவ்விமானம் டக்கோட்டா ஆகும். 1935இல் முதன்முதலிற் பறந்த வகையைச் சேர்ந்தது. குழாய்போன்ற உடல், இரு இறக்கை, ஒரு வால். அதில் புதுமை எதுவும் இல்லை.

எனினும் வென்றது டக்கோட்டாவே. அதன் காரணத்தை ஆராயின் நம் பொருள் தெளிவாகும். இரண்டாம் உலகப்போரின்போது பத்தாயிரத்துக்கு மேற்பட்ட டக்கோட்டாக்கள் கட்டப்பட்டன. போர் முடிந்ததும் அவை மலிவு விலையிற் சந்தைக்கு வந்தன. அவற்றைப் பழுதுபார்க்க அறிந்த வினைஞர் உலகெங்கும் இருந்தனர். பலாலியைப் போலப் போருக்கென அமைக்கப்பட்ட ஓடுதளங்கள் அவற்றை வரவேற்கக் காத்திருந்தன. புதிய கருத்தொன்று இத்துணை ஆயத்தமான துறைகளோடு போட்டியிட வேண்டியிருந்தது. பறக்கும் இறக்கை காற்றுச்சுரங்கத்தில் எவ்வளவு மேம்பட்டதாயினும், தரையில் அதற்கு இடம் இருக்கவில்லை.

தோடம்பழம் சுமந்த இறக்கை

சரக்குக்கென்றே ஒரு நாடு பறக்கும் இறக்கையை நாடிய கதையும் உண்டு. ஜேர்மனியில் தம் சகோதரரோடு சேர்ந்து வாலில்லா விமானங்களை உருவாக்கிய ரைமார் ஹோர்ட்டன், போரின் பின் ஆர்ஜென்டீனாவிற் குடியேறினார். உட்பிரதேசத் தோட்டங்களில் விளையும் தோடம்பழங்களைத் தலைநகருக்கு விரைந்து கொண்டுசெல்ல, முப்பத்திரண்டு மீற்றர் இறக்கையுடன் ஆறு தொன் சரக்கு ஏற்றத்தக்க விமானமொன்றை அவர் வரைந்தார். ‘நாரங்ஹேரோ’ என்னும் அதன் பெயரே தோடம்பழத்தைச் சுட்டுவது. அது 1960 டிசெம்பர் 9இல் கோர்டொபாவிற் பறந்தது. ஆனால் கிடைத்த நான்கு பொறிகளும் அதன் உடற்பருமனுக்குப் போதிய வலு உடையன அல்ல. சில தடவைகளே பறந்த அது 1962இற் கைவிடப்பட்டது.

இக்கதை நகைப்புக்குரியதன்று. விளைபொருள் அழுகுமுன் சந்தையை அடைதல் வேண்டும் என்பது தீவகத்தின் மீனவரும் தோட்டக்காரரும் நாள்தோறும் உணரும் நெருக்கடியாகும். அக்கலத்தின் தேவை உண்மையானது, தோற்றத்திலும் குறையில்லை. உந்துவலுவையும் முதலையும் தானே ஆக்கிக்கொள்ள இயலாத நாட்டில் அது பிறந்தமையே குறை.

இரண்டாம் எழுச்சி

1973இன் எண்ணெய் நெருக்கடியின் பின்னர் எரிபொருட் சிக்கனம் விமானப் பொறியியலின் தலையாய வினாவாயிற்று. இறக்கை முழுதும் சரக்கைப் பரப்பும் பெருவிமானங்களை நாசா அக்காலத்தில் ஆராய்ந்தது. 1988இல் அந்நிறுவனத்தின் டெனிஸ் புஷ்னெல், நெடுந்தொலைவுப் பயண விமானத்துக்கு மறுமலர்ச்சி உண்டா என்று வினவினார். மக்டொனல் டக்ளஸ் நிறுவனத்தில் ரொபேட் லீபெக் தலைமையிலான குழுவினர் கண்ட விடை, உடலும் இறக்கையும் ஒன்றோடொன்று இழைந்த ஓர் அமைப்பாகும். நடுவிற் பருத்து இருபுறமும் மெலியும் அதன் தோற்றம் நம் கடலின் திருக்கை மீனை நினைவூட்டுவது. எண்ணூறு பயணிகளை ஏற்றும் அத்தகைய விமானம், ஒத்த அளவுடைய வழக்கமான விமானத்தினும் நூற்றுக்கு 27 வீதம் குறைவான எரிபொருளே கொள்ளும் என அவர்கள் கணித்தனர்.

நோர்த்ரொப்பை வருத்திய நிலைப்பாட்டுச் சிக்கலைக் கணினி தீர்த்தது. விநாடிக்குப் பலமுறை சாய்வை அளந்து இறக்கையின் விளிம்புகளைத் திருத்தும் கட்டுப்பாடு, வாலின் தொழிலை ஏற்றது. 1989 யூலை 17இற் பறந்த பி-2 குண்டுவீச்சு விமானம் இதனை மெய்ப்பித்தது. அதன் இறக்கை நீளமும் அதே 52.4 மீற்றர் என்பது குறிப்பிடத்தக்கது. அதன் மாதிரியை 1980இற் காணும் பேறு நோயுற்றிருந்த நோர்த்ரொப்புக்குக் கிடைத்தது. மறு ஆண்டு அவர் காலமானார். பின்னர் நாசாவும் போயிங்கும் ஆளில்லாச் சிறுவிமானமாகிய எக்ஸ்-48ஐ 2007 தொடக்கம் 2013 வரை 122 தடவைகள் பறக்கவிட்டு ஆராய்ந்தன. இந்தியாவிலும் பாதுகாப்பு ஆராய்ச்சி மேம்பாட்டு நிறுவனம் 2022 யூலை 1இல் சித்திரதுர்க்கத்தில் வாலில்லா ஆளில்லா விமானமொன்றைத் தானாகவே எழுந்து தானாகவே இறங்கச் செய்தது. இது சரக்கு விமானம் அன்றாயினும் அடிப்படைச் சிக்கல் ஒன்றே.

மற்றொரு சிக்கல் அமுக்கமாகும். உயர்வானிற் பறக்கும்போது உள்ளமுக்கத்தைத் தாங்க உருளைவடிவே சிறந்தது. தட்டையான சுவர் புடைக்கும். இதற்கு நாசாவும் போயிங்கும் கண்ட தீர்வுகளுள் ஒன்று, கரிநார்த் தகடுகளை நூலால் தைத்து ஒன்றாக்குதல். அவ்வாறமைந்த பெரும்பெட்டி ஒன்று 2015இல் சோதனைச் சுமைகளைத் தாங்கி நின்றது. சோழமண்டலக் கரையின் மசூலாப் படகை இத்தருணத்தில் நினைவுகூரலாம். துறைமுகம் இல்லாத சென்னைக் கரையில், ஆணி அறைந்த படகு அலையடியிற் பிளக்குமாதலால், பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்து வளைந்து கொடுக்கும் படகைச் செய்தனர். துறைமுகம் அமைந்தபின் அப்படகின் தேவையும் குன்றியது. அங்கும் கலத்தை வகுத்தது கரையே.

எண்பது மீற்றர்

பொறியியற் சிக்கல்கள் பலவும் தீர்ந்த பின்னரும் பயணிகளை ஏற்றும் பறக்கும் இறக்கை ஒன்றேனும் சேவைக்கு வரவில்லை. இதற்கு விடை பெரிதும் தரையிலேயே உளது. உலகின் பெரிய விமான நிலையங்களும் இறக்கை நீளம் எண்பது மீற்றருக்குட்பட்ட விமானங்களுக்கே வகுக்கப்பட்டவை. லீபெக் குழுவினரின் தொடக்க வரைவுகள் அவ்வெல்லையைக் கடந்திருந்தன. பின்னர் அவற்றைச் சுருக்க நேர்ந்தது. 2005இற் பறந்த ஏ-380 விமானத்தின் இறக்கை நீளம் 79.75 மீற்றர். காற்றியல் வேண்டிய நீளம் அதனிலும் கூடியது; வாயில்கள் அனுமதித்த நீளமே அது.

பயணிகளும் ஒருவகைத் துறையே. ஆபத்தில் அனைவரும் தொண்ணூறு விநாடிக்குள் வெளியேறத்தக்கதாக விமானம் அமைய வேண்டும் என்பது விதி. அகன்ற மண்டபம்போன்ற அமைப்பில் இது எளிதன்று. விமானம் சாயும்போது நடுவிலிருந்து விலகி அமர்ந்தவர் ஊஞ்சலில் இருப்பவர்போல் உயர்ந்து தாழ்வர். மேலும், குழாய் விமானத்தின் உடலில் ஒரு துண்டைச் சேர்த்து நீட்டினால் அடுத்த வகை தோன்றிவிடும். இழைந்த இறக்கையை அவ்வாறு நீட்டல் அரிது. அதனால் விற்பனையாளர் தயங்குவர்.

ஆகவே, தன் தளங்களைத் தானே வகுக்கவல்லதும் பயணிகளின் மனநிலையைக் கருத வேண்டாததுமான இராணுவமே இக்கருத்தின் முதற் பெருங்கொள்வனவாளராக முன்வந்திருப்பதில் வியப்பில்லை. ஜெற்சீரோ என்னும் நிறுவனம் முழு அளவிலான மாதிரி விமானத்தை உருவாக்க 23.5 கோடி டொலர் வழங்குவதாக அமெரிக்க விமானப்படை 2023 ஓகஸ்டில் அறிவித்தது. 2027ஆம் ஆண்டு அதன் முதற் பறப்புக்குரிய இலக்காகக் கூறப்பட்டது. பறக்கும் இறக்கை தன் நூற்றாண்டுக் காத்திருப்பை முடித்துக்கொள்ளுமா என்பதை இம்முயற்சியே காட்டும்.

முடிவுரை

மேற்கூறியவற்றால், சிறந்த கருத்து தானாகவே வெல்லும் என்னும் எண்ணம் வரலாற்றுக்குப் பொருந்தாது என்பது பெறப்படும். யுங்கர்ஸ் 1910இற் கண்டது பிழையன்று. அதற்கு வேண்டிய கட்டுப்பாடு, மூலப்பொருள், வாயில், கொள்வோர் ஆகியன ஒருங்கே வாய்க்கவில்லை. இவற்றுள் முன்னைய இரண்டையும் அறிவியல் தந்தது. பின்னைய இரண்டும் சமூகத்தின் கையில் உள்ளவை.

இதிலிருந்து நாம் அறியவேண்டியதும் ஒன்றுண்டு. 1947இற் பலாலியில் இறங்கிய டக்கோட்டாவின் இறக்கை நீளம் ஏறக்குறைய இருபத்தொன்பது மீற்றர். போர்க்காலத் தடைகளுக்குப் பின் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாக அது 2019 ஒக்டோபர் 17இற் திறக்கப்பட்டது. மறுமாதம் சென்னையிலிருந்து பயணிகளை ஏற்றி வந்த ஏரீஆர்-72 விமானத்தின் இறக்கை நீளம் இருபத்தேழு மீற்றர். எழுபத்திரண்டு ஆண்டுகளிற் பொறிகள் மாறின. ஏறுவோர் தொகை இரு மடங்கிற்கு மேலாயிற்று. ஆனால் இவ்விரு பயணிகள் கலங்களின் அளவிற் பெரும் மாற்றமில்லை. உலகின் பெருந்துறைகள் எண்பது மீற்றர் என்று விதிக்க, நம் துறைக்கு வந்த இவ்விரு கலங்களும் முப்பதுக்குள் நின்றன.

பெரிய கலங்களை வகுப்போர் பெரிய துறைகளை உடையோரே. சிறு துறையினர் அவர்கள் வகுத்ததில் தமக்குப் பொருந்துவதைத் தேர்ந்துகொள்கின்றனர். ஆனால் புளூயிற் கட்டிய ஹோர்ண் மக்களும் ஆழமற்ற நீரையே தம் முதலாகக் கொண்டனர். குறையையே வடிவாக்கி உலகக் கடல்களில் வாணிகம் செய்தனர். அந்நகரின் பெயரை ஒருகாற் தாங்கிய எழுவைதீவின் இறங்குதுறையை, நம் பொறியியல் மாணவர் ஒரு குறைபாடாக மட்டுமன்றி, ஒரு கலத்துக்குரிய தொடக்க அளவாகவும் நோக்குவாராயின், இவ்வரலாறு பயின்றதன் பயன் கைகூடும்.